கத்திப் பேசினால் கேட்குமா?



இந்த மலரில் காதல் கவிதை எழுத நம் கல்லூரியில் ஆள் பஞ்சமே இல்லை. அதனால் நான் ரேடியோவைப் பற்றி எழுதுகிறேன். ரேடியோ என்றதும் விவிதபாரதி என்று போய்விடாதீர்கள். கடை மாடியிலும் வீட்டு மாடியிலும் ஒரு ஜி.ஐ. குழாயை நட்டு, உச்சியில் வெள்ளை டப்பா ஒன்றை மாட்டி, ஊர்க்கோடி டவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறார்களே, அந்த ரேடியோ! கேபிள் போகாத இடத்துக்குக் காற்று வழியாக இன்டர்நெட்டைக் கொண்டுபோகிற சாதனம். ஓரிடத்தில் நிலையாக இருப்பதால் நிலைக் கம்பியில்லா இணைப்பு என்று பெயர்.

நம்மில் பலர் டிப்ளமோ முடித்த கையோடு ஏறப்போவது இந்த மொட்டை மாடிகளில்தான். இரண்டு வருடம் சீனியரான அண்ணன்மார் எத்தனை பேர் தோளில் கேபிள் சுருளும் இடுப்பில் கிரிம்பிங் டூலுமாக அலைகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே இது பரீட்சைக்கு மட்டும் படித்துவிட்டு மறக்கிற விஷயம் இல்லை. நம் பிழைப்பு சம்பந்தப்பட்டது.

இந்தத் தொழிலில் பெரிய தலைவலி குறுக்கீடு. நம் அலைவரிசையிலேயே வேறு யாரோ பேசுவது. இதற்கு நம் ஆட்கள் கையில் ஒரே ஒரு வைத்தியம்தான் இருக்கிறது. பவரை ஏற்று! நான் சொல்கிறேன், நோயைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் போடுகிற வேலை இது. அங்கே போய்க் குட்டி போட்டுக்கொண்டு நம் வீட்டுக்கே திரும்பி வரும்.

ஏன் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், அரியர் விழுகிற அளவுக்குக் கிடையாது. டவரிலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளி ஒரு கடை. அலைவரிசை 5.8 கிகா ஹெர்ட்ஸ். டவரிலிருந்து புறப்படும் ஆற்றல், ஆன்டெனா கெயினையும் சேர்த்து, 36 டி.பி.எம்., அதாவது 4 வாட். நடுவில் மரமோ கட்டடமோ மறைக்காவிட்டாலும் அந்த 5 கிலோமீட்டரில் ஏறத்தாழ 122 டெசிபல் கரைந்துவிடும். கடை மாடி டிஷ்ஷின் கெயின் 25 டெசிபல் என்று வைத்தால் ரேடியோவின் காதுக்கு வந்து சேர்வது மைனஸ் 61 டி.பி.எம். ஒரு மில்லிவாட்டைப் பத்து லட்சம் கூறு போட்டு, அதில் ஒரு கூறுகூட முழுசாக இல்லை! ஆனால் இது தாராளம். 20 மெகா ஹெர்ட்ஸ் அகலத்தில் ரேடியோவின் சொந்த இரைச்சல் சுமார் மைனஸ் 95 தான். இடைவெளி 34 டெசிபல். ராஜ வாழ்க்கை.

இப்போது எதிர்த்தெரு மாடியில் இன்னொரு கம்பெனிக்காரர் அதே சேனலில் ஒரு ரேடியோவை வைக்கிறார். அவருடைய அலை நம் காதில் மைனஸ் 75-ல் விழுகிறது. இடைவெளி 14 டெசிபலாகச் சுருங்கிவிட்டது. மீட்டரைப் பார்த்தால் நம் சிக்னல் அதே மைனஸ் 61. “சிக்னல் ஃபுல்லா இருக்கு சார், ஆனா நெட்தான் வரல” என்று போனில் சொல்கிறார்களே, அந்த அதிசயத்தின் ரகசியம் இதுதான். சிக்னல் எவ்வளவு என்பதைவிட, சிக்னலுக்கும் சத்தத்துக்கும் இடைவெளி எவ்வளவு என்பதே கேள்வி.

ரேடியோ உடனே செத்துப்போவதில்லை. முதலில் தன் பேச்சை நிதானப்படுத்திக்கொள்கிறது. 256 க்யூ.ஏ.எம்.-ல் ஒரு குறியீட்டுக்கு 8 பிட் அனுப்பிக்கொண்டிருந்தது, 4 பிட்டுக்கோ 2 பிட்டுக்கோ இறங்குகிறது. பிழை திருத்தும் பிட்டுகளைக் கூடுதலாகச் சேர்த்து அனுப்புகிறது. வழியில் தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்புகிறது. சந்தைக்கடை இரைச்சலில் பாட்டிக்கு வழி சொல்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, இரண்டு தரம் சொல்கிறது. விஷயம் போய்ச் சேரும். வேகம்தான் போய்விடும்.

சரி, பவரை ஏற்றுகிறோம். இரண்டு மடங்கு ஏற்றினால் கிடைப்பது 3 டெசிபல். இழந்த 20 டெசிபலை மீட்க நூறு மடங்கு வேண்டும். 4 வாட் 400 வாட்டாக வேண்டும்! நடக்கிற காரியமா? அப்படியே கொஞ்சம் ஏற்றினாலும் எதிர்த்தெருக்காரர் கையைக் கட்டிக்கொண்டா இருப்பார்? அவரும் ஏற்றுவார். இடைவெளி பழையபடி 14-க்கே வந்து நிற்கும். ஒரே தெருவில் கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரும் கோயில் கொடைக் குழாய் ஸ்பீக்கரும் போட்டி போட்ட கதை நமக்குத் தெரியாததா? கடைசியில் மாப்பிள்ளை பேரும் காதில் விழாது, அம்மன் பாட்டும் காதில் விழாது.

இன்னொன்றையும் நம் ஆட்கள் யோசிப்பதில்லை. குறுக்கீட்டில் பெரும்பாலும் முதலில் செவிடாவது கடை மாடி ரேடியோ இல்லை, டவர் ரேடியோதான். அது 100 அடி உயரத்தில் நிற்கிறது. அகலமான செக்டர் ஆன்டெனாவால் ஊரையே பார்க்கிறது. ஊரில் யார் பேசினாலும் அதன் காதில் விழும். டவரில் பவரை ஏற்றினால் டவரின் வாய்தான் பெரிதாகும். காது அப்படியேதான் இருக்கும்.

பின்னே, கத்தாமல் சமாளிக்க முடியுமா? முடியும் என்று நம் சென்னையிலேயே செய்து காட்டினார்கள். 1990-களில் ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவினரும் மைடாஸ் நிறுவனமும் சேர்ந்து கார்டெக்ட் என்று ஒரு முறையை உருவாக்கினார்கள். அடிப்படை ஐரோப்பாவின் டெக்ட் தரம். 1880 முதல் 1900 மெகா ஹெர்ட்ஸ் வரை 10 அலைகள், ஒவ்வொன்றிலும் 12 ஜோடி நேரக் கூறுகள், ஆக 120 வாய்க்கால்கள். எந்த ஊருக்கு எந்த வாய்க்கால் என்று யாரும் ஆபீசில் உட்கார்ந்து பட்டியல் போடத் தேவையில்லை. பேச்சு தொடங்குமுன் வீட்டுச் சாதனமே எல்லா வாய்க்கால்களையும் காது கொடுத்துக் கேட்கும். எது அமைதியோ அதில் இறங்கும். நடுவில் சத்தம் வந்தால், பேசுகிறவருக்கே தெரியாமல் வேறொன்றுக்குத் தாவிவிடும். 10 கிலோமீட்டர் தூரத்துக்கு டெலிபோனும் நிமிடத்தைக் கணக்குப் பார்க்காத இன்டர்நெட்டும் கொடுத்தது. 2001 வாக்கில் மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இதை வைத்துத்தான் இன்டர்நெட் கியாஸ்க்குகள் திறந்தார்கள். டெலிபோன் பேசாதபோது விநாடிக்கு 70 கிலோபிட், பேசும்போது 35. இன்றைக்குக் கேட்டால் சிரிப்பீர்கள். அந்தக் கியாஸ்க்குகளின் காலமும் முடிந்துவிட்டது. ஆனால் ‘முதலில் கேள், பிறகு பேசு’ என்ற அந்தப் பண்பாடு பழசாகவில்லை.

அப்புறம் வந்தது வைஃபை. மலிவு என்றால் அப்படி ஒரு மலிவு! 2005 ஜனவரியில் மத்திய அரசு 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என்று அறிவித்தது, 4 வாட் உச்சவரம்போடு. வைஃபையும் கேட்டுவிட்டுப் பேசுகிற சாதிதான். ஆனால் அது ஒரு அறைக்குள் உட்கார்ந்து பேசுவதற்காகப் பிறந்தது. வெளியே இழுத்துக்கொண்டு வந்தால் என்ன ஆகும்? 15 கிலோமீட்டர் போக அலைக்கு 50 மைக்ரோ விநாடி ஆகும். வைஃபையின் நேரக் கூறோ 20 மைக்ரோ விநாடி, புதிய தரங்களில் 9. அந்தப் பக்கத்தவர் பேசத் தொடங்கியது இவர் காதில் விழுமுன்பே இவரும் தொடங்கிவிடுவார். ‘வந்து சேர்ந்தது’ என்ற பதில் வருமுன்பே, வரவில்லை என்று முடிவு கட்டி மறுபடி அனுப்புவார். போதாக்குறைக்கு எல்லாருடைய டிஷ்ஷும் டவரையே பார்க்கிறது. பக்கத்து மாடிக்காரர் பேசுவது இவருக்குக் கேட்கவே கேட்காது. இருவரும் ஒரே நேரத்தில் பேச, டவரில் மோதிக்கொள்ளும்.

இதற்கு மருந்து கண்டுபிடித்த இடங்களில் ஒன்று நம் தேனி. அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, தேனி மருத்துவமனையிலிருந்து சுற்று வட்டாரக் கண் மையங்களுக்கு 15 கிலோமீட்டர் வரையிலும் வைஃபை இணைப்புகள் போட்டார்கள். கிராமத்துப் பெரியவர் தன் ஊர் மையத்திலேயே உட்கார்ந்து தேனி டாக்டரிடம் வீடியோவில் பேசினார். டாக்டர் முகம் நடுவில் உறைந்து நின்றால் வைத்தியம் என்ன ஆவது? அங்கே குறுக்கீடு என்பது சினிமா தடைப்படுகிற விஷயம் இல்லை. ஆய்வாளர்கள் நீண்ட தூர இணைப்புகளில் பாக்கெட் ஏன் தொலைகிறது என்று அளந்து பார்த்தபோது தலையாய காரணமாகத் தெரிந்தது, அக்கம்பக்கத்து வைஃபைதான். அவர்கள் பவரின் பக்கம் போகவில்லை. கேட்டுவிட்டுப் பேசுகிற முறையைத் தூக்கிவிட்டு, கடிகாரம் வைத்து முறை போட்டார்கள். இந்த நேரம் நீ பேசு, அந்த நேரம் நான் பேசுகிறேன். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தனித்தனியாக ரசீது கேட்காமல் மொத்தமாக ஒரே ரசீது. தொலைந்ததை ஈடுகட்ட உபரி பிட்டுகள். 2007-ல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, அதே மலிவான கார்டுகளில் பழைய முறையைவிட 2 முதல் 5 மடங்கு கூடுதல் வேகம் கிடைத்தது. வன்பொருள் மாறவில்லை, ஒழுங்கு மாறியது!

கடிகார முறையை வியாபாரத்தில் நிலைநாட்டியது மோட்டோரோலாவின் கனோபி. 2002-ல் வந்தது, 2011 முதல் கேம்பியம் என்ற தனிக் கம்பெனியிடம் இருக்கிறது. அது இரண்டு காரியம் செய்தது. ஒன்று, பேராசைப்படவில்லை. மிக எளிய எஃப்.எஸ்.கே. மாடுலேஷனை வைத்துக்கொண்டு, குறுக்கீட்டைவிட நம் சிக்னல் 3 டெசிபல், அதாவது இரண்டு மடங்கு, கூடுதலாக இருந்தாலே வண்டி ஓடும் என்றது. (இன்றைக்கு விளம்பரத் தாளில் உச்ச வேகத்தைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அந்த உச்சத்துக்கு எத்தனை டெசிபல் இடைவெளி வேண்டும் என்பதைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கிறது.) இரண்டாவது, டவரிலுள்ள ரேடியோக்கள் எல்லாவற்றையும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் நேரத்தோடு கட்டியது. எல்லாரும் ஒரே கணத்தில் பேசுவார்கள், ஒரே கணத்தில் வாயை மூடிக் கேட்பார்கள். ஒரே டவரில் நாலடி தள்ளி ஒருவர் கத்தும்போது இன்னொருவர் 5 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் முணுமுணுப்பைக் கேட்க முடியாதல்லவா? அந்தச் சண்டை இதனால் தீர்ந்தது.

இங்கேதான் எனக்கு ஒரு வருத்தம். இந்த ஜி.பி.எஸ். ஏற்பாடு ஒரே கம்பெனியின் ரேடியோக்களுக்குள் அழகாக ஓடும். பக்கத்து டவர் போட்டிக் கம்பெனியுடையது என்றால்? இருவரும் கூடிப் பேசி, எத்தனை பங்கு இறக்கத்துக்கு, எத்தனை பங்கு ஏற்றத்துக்கு, ஒரு சுற்று எத்தனை மில்லி விநாடி என்று ஒரே கணக்கை வைத்துக்கொண்டால்தான் பலன். ஒரு டீக்கடையில் முடிக்க வேண்டிய விஷயம். முடிக்கிறார்களா?

போன விடுமுறையில் ஒரு சிற்றூரில் இன்பிளான்ட் டிரெயினிங் போயிருந்தேன். ஊர் பேரும் கம்பெனி பேரும் வேண்டாம். அங்கே ஒரு இ-சேவை மையம், ஒரு அக்கா நடத்துகிறார். உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். பள்ளிப் பிள்ளைகளும் தாய்மார்களுமாக வாசல் வரை வரிசை. நெட் வருகிறது, போகிறது. என்னோடு வந்த சீனியர் லேப்டாப்பைத் திறந்ததும் பவரைத்தான் தேடினார். ஏற்கெனவே உச்சத்தில் இருந்தது. ரேடியோவில் நாட்டின் பெயரை மாற்றிவிட்டால் இன்னும் ஏறும் என்றார்.

“அண்ணே, அதுக்கு முன்னாடி ஒரு தடவை ஸ்கேன் போட்டுப் பாத்துருவமா?” என்றேன்.

“ஸ்கேன் போட்டா லைன் கட்டாகும்டா, அக்கா திட்டும்.”

“இப்ப மட்டும் என்ன வாழுதாம்? போடுங்க தம்பி, நான் திட்டல” என்று கீழேயிருந்து அக்கா குரல் கொடுத்தார்.

ஸ்கேனில் தெரிந்துவிட்டது. எங்கள் சேனலின் மேல் பாதியில் வேறு கம்பெனியின் டவர் உட்கார்ந்திருந்தது. சேனல் அகலத்தை 40 மெகா ஹெர்ட்ஸிலிருந்து 20 ஆக்கி, இரண்டு முனையிலும் கீழ்ப்பாதிக்கு நகர்த்தினோம். பிறகு குழாயைக் கழற்றி மாடியின் மறு மூலையில் கட்டினோம். அங்கே தண்ணீர்த் தொட்டிச் சுவர் அந்த டவரை மறைத்தது, எங்கள் டவர் மட்டும் தெரிந்தது. சீனியரே பவரை 4 டெசிபல் குறைத்தார். அகலம் பாதியானதால் வேகமும் பாதியாக வேண்டும். ஆனால் வேகச் சோதனையில் முன்பைவிட மூன்று மடங்கு காட்டியது. ஒரு சிமெண்ட் தொட்டி செய்த வேலையை எந்த ஆம்பிளிஃபயரும் செய்திருக்காது.

தொட்டி சுவரால் செய்ததைக் கணக்கால் செய்கிற ரேடியோக்களும் வந்துவிட்டன. அமெரிக்காவில் டரானா என்ற கம்பெனி 2021-ல் வெளியிட்டது இந்த ரகம். ஒரே டப்பாவுக்குள் பல சிறு ஆன்டெனாக்கள். 5.8 கிகா ஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 5.2 சென்டிமீட்டர், அதில் பாதி இடைவெளியில், அதாவது இரண்டரை சென்டிமீட்டர் சில்லறையில், வரிசையாக இருக்கும். பக்கவாட்டிலிருந்து வரும் குறுக்கீடு ஒவ்வொரு ஆன்டெனாவையும் கொஞ்சம் முன்னே பின்னே தொடும். அந்த ஃபேஸ் வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, ஒன்றைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டினால் குறுக்கீடு தன்னைத்தானே அடித்துக்கொண்டு விழும். நம் சிக்னல் வேறு திசையிலிருந்து வருவதால் தப்பிக்கும். திருவிழாக் கூட்டத்தில் நண்பன் குரலை மட்டும் இரண்டு காதும் சேர்ந்து பிரித்தெடுக்கிற மாதிரி. எத்தனை ஆன்டெனாவோ, ஏறத்தாழ அதில் ஒன்று குறைவான எண்ணிக்கைக் குறுக்கீட்டாளர்களைச் சமாளிக்கலாம்.

“பார்த்தாயா, இனி ரேடியோவே எல்லாம் பார்த்துக்கொள்ளும்” என்று ஒரு நண்பன் சொன்னான். நான் ஒப்பவில்லை. குறுக்கீடு ரொம்பப் பலமாக இருந்தால், கணக்குப் போடுகிற இடத்துக்கு வருமுன்பே முன்வாசல் ஆம்பிளிஃபயர் நிரம்பி வழிந்துவிடும். குறுக்கீடும் நம் சிக்னலும் ஒரே திசையில் வந்தால் பிரிப்பது பெரும்பாடு. தவிர, விலை. நம் ஊர் சிறு கம்பெனிகள் மாட்டுவது இந்த ரேடியோ இல்லை. நம் கையில் கிடைப்பது சாதாரண டிஷ்ஷும் ஒரு ஸ்பேனரும்தான்.

கூட்டமோ கூடிக்கொண்டே போகிறது. 2018-ல் 5 கிகா ஹெர்ட்ஸிலும் பெரும்பகுதி உரிமமில்லாமல் திறந்துவிடப்பட்டது. 2023-ல் ஏர்டெல்லும் ஜியோவும் ஏர்ஃபைபர் என்று இறங்கின. அவற்றில் 5ஜி உரிம அலைவரிசையில் ஓடுகிறவை ஒரு பக்கம் இருக்க, ஜியோவின் இணைப்புகளில் ஒரு பகுதி இந்த உரிமமில்லா அலைவரிசையிலேயே ஓடுகிறது. உரிமமில்லா அலைவரிசையின் சட்டம் என்ன தெரியுமா? யாருக்கும் தொந்தரவு தரக்கூடாது, யாரிடமிருந்தும் பாதுகாப்பும் கேட்கக்கூடாது. போலீஸ் ஸ்டேஷன் இல்லாத புறம்போக்கு! அங்கே நாட்டுப் பெயரை மாற்றிப் பவரை ஏற்றுகிறவர் எவ்வளவு பெரிய வம்பை இழுக்கிறார் என்பதற்கு போர்ட்டோரிக்கோ தீவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே சான் ஹுவான் விமான நிலையத்துக்காக ஒரு வானிலை ரேடார் 5600 முதல் 5650 மெகா ஹெர்ட்ஸ் பகுதியில் வேலை செய்கிறது. விமானம் இறங்கும்போது திடீர்க் காற்று கவிழ்க்குமா என்று பார்த்துச் சொல்கிற ரேடார். 2009 வாக்கில் அதன் திரையில் பொய்யான கோடுகள் விழுந்தன. தேடிப் போனால் மொட்டை மாடி இன்டர்நெட் ரேடியோக்கள்! ரேடார் சத்தம் கேட்டால் 10 விநாடிக்குள் சேனலைக் காலிசெய்துவிட்டு 30 நிமிடம் அந்தப் பக்கம் தலைவைக்கக் கூடாது என்பது விதி. அந்த வசதியே இல்லாத ரேடியோக்களும், அதை அணைத்து வைத்த ரேடியோக்களும் சிக்கின. அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் கம்பெனிகளுக்கு அபராதம் போட்டது. அந்தப் பெட்டியைத் ‘டிக்’ எடுத்துவிட்டவர் நம்மைப்போல் ஒரு டெக்னீஷியனாகத்தான் இருந்திருப்பார். விமானத்தில் வந்தவர்களை அவருக்குத் தெரியாது.

நம் லேபுக்கு வருகிறேன். ஏ.எம். டிரெயினர் கிட்டில் மாடுலேஷன் இண்டெக்ஸ் கண்டுபிடித்து, கிராஃப் தாளை ரெக்கார்டு நோட்டில் ஒட்டிக் கையெழுத்து வாங்குகிறோம். தப்பில்லை. ஆனால் மூன்று வருடத்தில் ஒரு நாளாவது, ஒரே சேனலில் இரண்டு பேர் பேசினால் என்ன ஆகும் என்று அளந்து பார்த்திருக்கிறோமா? வைவாவில் யாராவது கேட்டிருக்கிறார்களா? டிரான்ஸ்மிட்டரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ரிசீவர் பாவம், சூப்பர்ஹெட்டரோடைன் பிளாக் டயகிராமோடு சரி.

துறைத்தலைவர் அவர்களுக்கு மாணவர் பேரவை சார்பில் ஒரு விண்ணப்பம் கொடுக்கலாம் என்பது என் யோசனை. பழைய 5 கிகா ஹெர்ட்ஸ் ரேடியோ நான்கு போதும். கம்பெனிகள் மாற்றிப் போடும்போது கழிக்கிற உருப்படிகளைக் கேட்டு வாங்கலாம், நம் சீனியர்களே தருவார்கள். வராந்தாவின் இரு கோடியில் ஒரு ஜோடி, குறுக்கே இன்னொரு ஜோடி. பவர், சேனல், அகலம், திசை இந்த நான்கையும் ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு தடவையும் வேகத்தைக் குறித்துக்கொண்டால் ஒரு மதியத்தில் முடிகிற எக்ஸ்பெரிமென்ட். ஜோடிகள் பக்கத்திலேயே இருப்பதால் பவரை அடிமட்டத்தில் வைத்துத் தொடங்க வேண்டும், இல்லையென்றால் ரிசீவர் திணறும். பிறகு வாரம் ஒருமுறை ஹாஸ்டல் மாடியில் ஸ்கேன் எடுத்து, நம் ஊரில் எந்தத் திசையில் எந்தச் சேனலில் எவ்வளவு சத்தம் என்று ஒரு நோட்டில் எழுதி வரலாம். வேலைக்குப் போகிற சீனியர்கள் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு மாடி ஏறலாம். தாங்கள் எந்தச் சேனலில் வைத்தோம் என்று அதிலேயே எழுதியும் வைக்கலாம். முதல் பக்கத்தை நிரப்ப மூன்றாம் ஆண்டு இ.சி.இ.-யில் ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். ஹாஸ்டல் மாடிக் கதவின் சாவிக்கு மட்டும் வார்டன் சாரின் அனுமதி வேண்டும்.